கீத் ஊர் மருத்துவச்சி

பினாங்கு ஜார்ஜ் டவுனில், லைட் தெருவிலுள்ள உயர்நீதிமன்றத்தை அடுத்து ஒரு நினைவுச்சின்னம் நிற்கிறது. வழக்கிற்காக வருவோரும் வழிப்போக்கரும் நாள்தோறும் அதனைக் கடந்து செல்கின்றனர். ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸன் லோகன் என்ற வழக்கறிஞரின் நினைவாக எழுப்பப்பட்டது அது. 1819-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் பெரிக்ஷயர் மாவட்டத்தில் பிறந்த அவர், பினாங்கிற்கு வந்து, வழக்கறிஞராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் விளங்கி, ஐரோப்பியர் அல்லாத மக்களின் உரிமைகளுக்காக வாதாடி, 1869-இல் இத்தீவிலேயே உயிர் நீத்தார். நினைவுச்சின்னத்தில் நான்கு நற்பண்புகள் உருவங்களாக அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்று நீதி.

நீதியைப் பெண்ணாக வடிப்பது மேனாட்டார் வழக்கம். ஆனால் லோகன் பிறந்த மாவட்டத்திற்கு அடுத்த மாவட்டத்தில் வாழ்ந்த உயிருள்ள ஒரு பெண், அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ 230 ஆண்டுகளுக்கு முன்பு, அந்த நீதியின் பெயராலேயே கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டாள். அவள் பெயர் ஆக்னஸ் சாம்ஸன். அவள்மீது சாட்டப்பட்ட குற்றம் சூனியம்.

பில்லி, சூனியம், ஏவல் என்னும் சொற்கள் தமிழருக்குப் புதியவை அல்ல. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் மலாயாவின் தோட்டப்புறங்களிலும் அவை பேசப்பட்டே வந்துள்ளன. ஆயினும் ஊரார் வாயில் உலவும் ஒரு சொல், அரசின் முத்திரை பெற்று மரண தண்டனையாக மாறுவது எவ்வாறு? ஆக்னஸ் சாம்ஸனின் வழக்கு அதற்கு விடை தருகிறது.

ஊருக்குப் பயன்பட்ட பெண்

எடின்பரோ நகரின் கிழக்கே கீத் என்னும் சிற்றூர். ஆக்னஸ் அங்கு வாழ்ந்த கைம்பெண், பிள்ளைகளை உடையவள். பேறுகாலம் பார்ப்பதும் நோயாளிகளுக்கு மருத்துவம் செய்வதும் அவள் தொழில். ‘கீத் ஊரின் அறிவுடையாள்’ என்று மக்கள் அவளை அழைத்தனர். எளியோர் மட்டுமன்றி மாளிகைகளில் வாழ்ந்த சீமாட்டிகளும் அவளை அழைத்தனுப்பினர். நோயாளியின் அருகே அமர்ந்து இறைவனை வேண்டுவாள். அந்த வேண்டுதலின் போக்கைக் கொண்டு நோயாளி பிழைப்பாரா மாட்டாரா என்று கூறுவாள். தமிழ்நாட்டு மருத்துவச்சிகள் மருந்தோடு மந்திரமும் கலந்து செய்த பணிக்கு ஒப்பானதே இது.

அவள்மீது எழுதப்பட்ட குற்றப்பத்திரிகையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கூறுகள் இருந்தன. அவற்றுள் பல, அவள் இன்னார் நோயைத் தீர்த்தாள் என்பதே. டால்கீத் என்ற ஊரில் ராபர்ட் என்பவன் கடும் நோயால் துன்புற்றான். ஆக்னஸ் அந்த நோயைத் தன்மேல் வாங்கிக்கொண்டு, விடியும்வரை முனகித் துடித்துக் கிடந்தாளாம். விடிந்தபின், நாயோ பூனையோ அதனைப் பெறட்டும் என்று முற்றத்தில் உதறினாளாம். அது தவறிப்போய் வேறொருவனைப் பற்ற, அவன் மெலிந்து மாண்டான் என்பது குற்றச்சாட்டு.

இந்நிகழ்ச்சிக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் நடந்ததாகக் கூறப்படும் ஒன்றை ஆசிரியர்கள் அறிவர். மகன் உமாயூன் நோயுற்றபோது, பாபர் அவன் படுக்கையைச் சுற்றி வந்து, நோயைத் தன்மேல் ஏற்றுக்கொண்டார் என்றும், மகன் பிழைக்கத் தந்தை 1530-இல் மாண்டார் என்றும் சொல்வர். பேரரசர் செய்தால் அது தந்தையன்பு. மருத்துவச்சி செய்தால் அது கொலை. செயல் ஒன்றே; அதனைப் படித்த கண்கள் வேறு.

ஸ்காட்லாந்தில் 1563-ஆம் ஆண்டுச் சட்டம் சூனியம் செய்வோருக்கு மட்டுமன்றி, அவர்களை நாடிச் செல்வோருக்கும் மரண தண்டனை விதித்தது. அச்சட்டம் பிறந்தபின்னும் பல ஆண்டுகள் ஆக்னஸ் தன் தொழிலை நடத்தி வந்தாள். அவளைத் தேடி வந்தவர்களும் அஞ்சவில்லை. சட்டம் ஏட்டில் உறங்கிக் கிடந்தது. அதனை எழுப்பியது ஒரு புயல்.

புயலும் பழியும்

அக்காலத்தில் ஸ்காட்லாந்தை ஆண்டவன் ஆறாம் ஜேம்ஸ். 1589-இல் அவனுக்கும் டென்மார்க் இளவரசி ஆன் என்பவளுக்கும் திருமணம் உறுதியாயிற்று. மணமகள் ஏறிய கப்பல்கள் புயலில் சிக்கி நார்வேக் கரையில் ஒதுங்கின. பொறுமையிழந்த ஜேம்ஸ் தானே கடல் கடந்து சென்று, ஆஸ்லோவில் மணம் முடித்து, டென்மார்க்கில் குளிர்காலத்தைக் கழித்து, 1590 மே மாதம் முதல் நாள் லீத் துறைமுகம் வந்து சேர்ந்தான். இதற்கிடையே, 1589 செப்டம்பரில், லீத் நோக்கி வந்த ஒரு படகு கவிழ்ந்து பலர் மாண்டனர்.

வட கடலில் இலையுதிர் காலத்துப் புயல் புதுமையன்று. எனினும் பழி சுமக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. டென்மார்க்கின் கடற்படைத் தலைவர், கப்பல்களைச் சரிவரச் சித்தம் செய்யவில்லை என்று அரசின் நிதிப் பொறுப்பாளரைக் குறை கூறினார். பழியோ அவ்விருவரையும் விட்டு விலகி, சூனியக்காரிகள் என்று சொல்லப்பட்ட சில பெண்கள்மேல் விழுந்தது. 1590-இல் கோப்பன்ஹேகன் வட்டாரத்தில் அவர்கள் எரிக்கப்பட்டனர். அச்செய்தி ஸ்காட்லாந்துக்கு எட்டிய ஆண்டிலேயே அங்கும் வேட்டை தொடங்கியது.

பணிப்பெண்ணின் விரல்கள்

டிரானென்ட் ஊரில் டேவிட் சீட்டன் என்ற சிற்றதிகாரி இருந்தான். அவன் வீட்டுப் பணிப்பெண் கெய்லிஸ் டங்கன். அவள் திடீரென்று நோயாளிகளைக் குணப்படுத்தத் தொடங்கியதும், இரவில் வெளியே சென்று வந்ததும் அவனுக்கு ஐயத்தை உண்டாக்கின. அவன் அவளை நீதிமன்றத்திற்கு அனுப்பவில்லை. தன் வீட்டிலேயே விரல் நெரிக்கும் கருவியைப் பூட்டினான். தலையைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி முறுக்கினான். அவள் வாய் திறக்கவில்லை. பின்னர் உடலைச் சோதித்து, தொண்டையில் இருந்த ஒரு தழும்பைச் ‘சாத்தானின் அடையாளம்’ என்று கூறினர். அதன்பின் அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள்.

ஒப்புதலோடு அவளை விடவில்லை. உடனிருந்தவர் யார் என்ற அடுத்த கேள்வி பிறந்தது. சூனியக்காரி தனித்து இயங்குவதில்லை, கூட்டமாகவே கூடுவாள் என்பது அக்காலத்துக் கற்றோரின் கொள்கை. எனவே ஒவ்வோர் ஒப்புதலும் வேறு பல பெயர்களைத் தந்தாக வேண்டும். கெய்லிஸின் வாயிலிருந்து வந்த பெயர்களில் கீத் ஊர் ஆக்னஸ் ஒருத்தி. பார்பரா நேப்பியர், யூபேம் மக்காலியன் என்ற எடின்பரோச் செல்வக் குடும்பத்துப் பெண்களும், ஜான் ஃபையன் என்ற பள்ளி ஆசிரியரும் மற்றையோர்.

அரசன் முன் விசாரணை

ஆக்னஸ், ஹாலிரூட் அரண்மனையில் அரசன் முன்னிலையில் நிறுத்தப்பட்டாள். 1591-இல் வெளியான ஒரு சிறு நூல் அவ்விசாரணையை விரித்துரைக்கிறது. அந்நூல் அரசன் பக்கம் நின்று எழுதப்பட்டது. ஆகவே அதில் காணும் கொடுமைகள் பகைவர் கட்டியவை அல்ல. முதலில் அவள் எல்லாவற்றையும் மறுத்தாள். அவள் உடல் முழுதும் மழிக்கப்பட்டது. தலையில் கயிறு கட்டி ஒரு மணி நேரம் முறுக்கினர். மறைவிடத்தில் அடையாளம் கண்டதாகச் சொன்னபின், கேட்டவற்றையெல்லாம் அவள் ஒப்புக்கொள்ளலானாள்.

அவள் வாக்குமூலமாக எழுதப்பட்டவை வியப்பானவை. இருநூறு பேர் சல்லடைகளில் ஏறிக் கடலில் மிதந்து, நார்த் பெரிக் ஊர்த் தேவாலயத்தில் கூடினராம். கெய்லிஸ் மோர்சிங் போன்ற சிறு கருவியை வாயில் வைத்து மீட்ட, மற்றவர் ஆடினராம். அரசன் கெய்லிஸை வரவழைத்து, அதே கருவியைத் தன் முன் வாசிக்கச் செய்து கேட்டு மகிழ்ந்தான். பூனை ஒன்றோடு பிணத்தின் உறுப்புகளைக் கட்டிக் கடலில் எறிந்ததால்தான் புயல் எழுந்தது என்றும் எழுதப்பட்டது. இவற்றைக் கேட்ட அரசனே, இவர்கள் பெரும் பொய்யர்கள் என்றானாம். அப்போது ஆக்னஸ் அவனைத் தனியே அழைத்து, ஆஸ்லோவில் முதலிரவில் அரசனும் அரசியும் பேசிய சொற்களைக் கூற, அவன் நம்பிவிட்டான் என்கிறது அந்நூல். ஷேக்ஸ்பியரின் மாக்பெத் நாடகத்தில் ஒரு சூனியக்காரி சல்லடையில் கடற்பயணம் போவதாகச் சொல்கிறாள். அப்பேச்சின் பின்னே இவ்வழக்கின் நிழல் இருப்பதாக அறிஞர் கருதுவர்.

புயற்கதையோடு அரசியலும் வந்து சேர்ந்தது. அரசனைக் கொல்ல மெழுகுப் பாவை செய்ததாகவும், அதனைச் செய்வித்தவன் போத்வெல் பிரபு என்றும் வாக்குமூலங்கள் கூறின. பிரபு அரசனின் நெருங்கிய உறவினன், அரசனுக்கு அச்சமூட்டியவன். மருத்துவச்சியின் வழக்கு இவ்வாறு இராசத் துரோக வழக்காக வளர்ந்தது. 1591 ஜனவரி 27-இல் ஆக்னஸ் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. மறுநாள் எடின்பரோக் கோட்டைக் குன்றில் கழுத்தை நெரித்து, உடலை எரித்தனர். போத்வெல் பிரபுவோ சிறையினின்று தப்பி, 1593-இல் விசாரணைக்கு வந்து, விடுதலையும் பெற்றான். பிரபுவுக்குத் துணை நின்றோர் பலர். கைம்பெண்ணுக்கு யார் உளர்?

விடுதலை செய்தவர்மீது வழக்கு

இவ்வரலாற்றில் மிகவும் ஆராயத்தக்க பகுதி ஆக்னஸ் இறந்தபின் நிகழ்ந்தது. 1591 மே மாதத்தில் பார்பரா நேப்பியரின் வழக்கு வந்தது. சூனியக்காரரை நாடினாள் என்ற அளவில் அவளைக் குற்றவாளி என்ற ஜூரர்கள், நார்த் பெரிக் கூட்டத்தில் கலந்து அரசனுக்குத் தீங்கு எண்ணினாள் என்ற பெருங்குற்றத்திலிருந்து விடுவித்தனர். அவர்கள் சான்றை எடைபோட்டுப் பார்த்தனர் என்பது தெளிவு. ஜேம்ஸ் சினந்தான். ஜூன் மாதத்தில் அந்த ஜூரர்கள்மீதே வேண்டுமென்று தவறிழைத்ததாக வழக்குத் தொடுத்து, தானே மன்றத்திற்கு வந்து உரையாற்றினான். ஜூரர்கள் பணிந்தனர். அதே மாதம் 25-இல் யூபேம் மக்காலியன் உயிரோடு எரிக்கப்பட்டாள். அவள் சொத்தும் பறிமுதலாயிற்று. பார்பராவின் தண்டனை மட்டும், அவள் கருவுற்றிருப்பதாகக் கூறியதால், நிறைவேறாமல் நின்றது.

சிலப்பதிகாரத்துப் பாண்டியனை இங்கு எண்ணாமல் இருக்க இயலாது. பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் நம்பியது அவன் பிழை. ஆனால் கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியபோது, அவன் சான்றை ஏற்றான். பிழை தன்னது என்றான். அரியணையிலேயே உயிர் துறந்தான். தமிழர் அவனைக் கொடுங்கோலன் என்று தள்ளிவிடாமல், அறம் பிழைத்ததை உணர்ந்து வளைந்த கோலை உயிரால் நிமிர்த்தியவன் என்று போற்றியது இதனால்தான். ஜேம்ஸ் முன்னும் ஒரு சிலம்பு உடைந்தது. ஜூரர்களின் விடுதலைத் தீர்ப்பே அச்சிலம்பு. அவன் உடைந்த சிலம்பைப் பார்க்க மறுத்து, உடைத்தவரைக் குற்றவாளி ஆக்கினான்.

1591 டிசம்பர் 4-இல் கெய்லிஸ் டங்கனும் கொல்லப்பட்டாள். இறக்கும் தருணத்தில் அவள், பார்பராவும் யூபேமும் குற்றமற்றவர்கள் என்றும், அவர்களைக் காட்டிக் கொடுக்கும்படி தன்னைத் தூண்டியவன் டேவிட் சீட்டன் என்றும் கூறினாள். நெரித்த விரல்களிலிருந்து பிறந்த வழக்கின் அடித்தளத்தை அவளே தகர்த்துவிட்டாள். ஆனால் யூபேம் எரிந்து ஐந்து மாதங்களுக்கு மேலாகியிருந்தன. ஆக்னஸ் எரிந்து ஏறத்தாழ ஓராண்டு நிறைந்திருந்தது.

எண்ணிக்கை கூறும் செய்தி

இவ்வழக்கு தனித்த ஒன்றன்று. ஜேம்ஸ் 1597-இல் பேய்களைப் பற்றியும் சூனியத்தைப் பற்றியும் ஒரு நூலே எழுதி வெளியிட்டான். அவனுக்குப் பின்னும் வேட்டை அலையலையாக வந்தது. உள்ளூர்ப் பெரியோர் சிலருக்கு அரசவை அதிகாரம் வழங்கும். அவர்களே கூடி விசாரித்துத் தண்டிப்பர். கைதியை நாட்கணக்கில் உறங்கவிடாமல் வைப்பதும், உடலில் ஊசி குத்தி வலியற்ற இடத்தைத் தேடுவதும் விசாரணை முறைகளாயின. எடின்பரோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-ஆம் ஆண்டில் தொகுத்த பட்டியலில், 1563 முதல் 1736 வரை குற்றஞ்சாட்டப்பட்டோர் 3,837 பேர். நூற்றுக்கு 84 பேர் பெண்கள்.

ஆண்கள் இயற்றிய சட்டம், ஆண்கள் அமர்ந்த மன்றம், ஆண்கள் எழுதிய வாக்குமூலம். அதில் பெண்ணின் குரல், கயிறு முறுக்கப்பட்ட பின் வந்த குரலாகவே நமக்குக் கிடைக்கிறது. அதற்கு முன் ஆக்னஸ் சொன்னது ஒன்றே: இல்லை.

ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசனானபின் நிகழ்ந்த ஒன்றையும் குறிப்பிட வேண்டும். 1616-இல் லெஸ்டர் நகரில், தன்னைச் சூனியம் வாட்டுவதாக ஒரு சிறுவன் கூறியதை நம்பி, ஒன்பது பெண்களைத் தூக்கிலிட்டனர். அவ்வழியே வந்த அரசன் சிறுவனைத் தானே சோதித்து, அவன் நடிப்பதைக் கண்டுபிடித்தான். சிறையில் எஞ்சியிருந்த பெண்கள் பிழைத்தனர். அதே அரசன்தான், பேய் உண்டென்று நூல் எழுதியவன்தான். இம்முறை அவன் முறுக்கியது கயிற்றையன்று, வினாக்களை. ஆராய்ச்சி மாறியதும் சூனியக்காரி மறைந்தாள்.

சட்டம் மாறியபோது

ஸ்காட்லாந்தில் சூனியத்திற்காகக் கடைசியாக எரிக்கப்பட்டவள் டோர்னாக் ஊர் மூதாட்டி ஒருத்தி. ஆண்டு 1727 என்பர். 1722 என்பாரும் உளர். தன் மகளையே குதிரையாக மாற்றிச் சவாரி செய்தாள் என்பது அவள்மீது சாட்டிய குற்றம். மகளின் கைகால்கள் ஊனமுற்றிருந்ததே அதற்குச் சான்று.

1736-இல் நடைமுறைக்கு வந்த புதுச்சட்டம் பழைய சட்டங்களை நீக்கியது. சூனியம் செய்ததாக எவர்மீதும் வழக்கில்லை. சூனியம் வல்லேன் என்று நடித்து ஏமாற்றுவோருக்கு மட்டும் ஓராண்டுச் சிறை. மக்களின் நம்பிக்கை அதனால் மாறிவிடவில்லை. சட்டத்தை நீக்கியது பெரும் பாவம் என்று 1743-இல்கூட ஸ்காட்லாந்துச் சமயப் பிரிவினர் ஒரு சாரார் அறிக்கை விட்டனர். நம்பிக்கை இருந்தது, அச்சமும் இருந்தது, நீதிமன்றத்தின் எரிமேடை மட்டும் இல்லை. சூனியக்காரியைப் படைத்தது ஊரார் அச்சம் மட்டுமன்று, அந்த அச்சத்திற்குக் கையும் காலும் கொடுத்த வழக்குமுறையே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பினாங்கில் 1807 மார்ச் 25-ஆம் நாளிட்ட அரச சாசனத்தால் நீதிமன்றம் அமைந்து, ஆங்கிலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டங்கள் மறைந்து 71 ஆண்டுகள் கடந்திருந்தன. ஆகவே இத்தீவின் நீதிமன்றத்தில், சூனியம் செய்தாள் என்று ஒரு பெண்ணை நிறுத்தி உயிர் பறிக்க வழியே இல்லாது போயிற்று. ஒரு நூற்றாண்டு முன்னதாக அந்தச் சட்டம் கப்பலேறி வந்திருந்தால், மலாய் ஊர்களிலும் தமிழர் குடியிருப்புகளிலும் பேறுகாலம் பார்த்த கிழவிகளின் நிலை என்னவாகியிருக்கும்?

ராம்கர் பெண்கள் ஐவர்

ஆயினும் சட்டம் விலகிக்கொண்டால் மட்டும் போதுமா? இந்திய வரலாறு மறுமொழி கூறுகிறது. 1792-இல், இக்காலத்து ஜார்க்கண்டில் உள்ள ராம்கரில், கும்பினி ஆட்சியின் நீதிமன்றத்தில் மூவர் நிறுத்தப்பட்டனர். சூனியக்காரிகள் என்று ஐந்து பெண்களைக் கொன்ற குற்றம் அவர்கள்மேல். கொன்றதை அவர்கள் மறைக்கவில்லை. குல வழக்கப்படி சோதித்தே கொன்றோம் என்றனர். அச்சோதனைகளை ஜான் ஷோர் எழுதி வைத்துள்ளார். பெண்கள் ஒவ்வொருவர் பெயராலும் ஒரு சால மரக் கிளையை நீரில் வைப்பர். எவள் கிளை வாடுகிறதோ அவள் சூனியக்காரி. பெயர் குறித்த அரிசி முடிப்புகளைக் கரையான் புற்றில் வைப்பர். எவள் அரிசியைக் கரையான் தின்கிறதோ அவள் சூனியக்காரி.

ஸ்காட்லாந்தில் கொன்றது நீதிமன்றம். ராம்கரில் கொன்றவரை விசாரித்தது நீதிமன்றம். இரண்டும் எதிரெதிர் போலத் தோன்றும். ஆனால் ஊசிக் குத்தும் கரையான் புற்றும் ஒரே இனத்தவை. இரண்டிலும் விடை முன்னரே முடிவாகிவிடுகிறது. இரண்டிலும் குற்றஞ்சாட்டப்பட்டவள் தன்னைக் காத்துக்கொள்ளச் சொல்லக்கூடிய சொல் ஒன்றும் இல்லை.

அவ்வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. பீகார் 1999-இலும், ஜார்க்கண்ட் அதன்பின்னும், அஸ்ஸாம் 2015-இலும் சூனியக்காரி என்று பெண்களைத் துன்புறுத்துவோரைத் தண்டிக்கச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அஸ்ஸாமின் பிருபாலா ராபா என்னும் அம்மையார், தம் மகன் மூன்று நாளில் இறப்பான் என்று ஊர் மந்திரவாதி கூறியது பொய்யானதைக் கண்டு, அன்றுமுதல் இத்தீமையை எதிர்த்து ஊர் ஊராகச் சென்றார். 2021-இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2024-இல் மறைந்தார். ‘ஆராய்ந்து பார்’ என்ற ஒன்றே அவர் ஊர்தோறும் கொண்டு சென்ற செய்தி.

காலம் கடந்த சொல்

2022 மார்ச் 8-ஆம் நாள், மகளிர் தினத்தன்று, ஸ்காட்லாந்தின் முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில், சூனியச் சட்டத்தின்கீழ் துன்புற்ற அனைவரிடமும் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். அதே ஆண்டு மே மாதத்தில் ஸ்காட்லாந்துத் திருச்சபையும் மன்னிப்புக் கேட்டது. ஆக்னஸ் சாம்ஸன் எரிந்து 431 ஆண்டுகள் சென்றபின் வந்த சொல் அது. அதனைக் கேட்க அவளும் இல்லை, அவள் மக்களும் இல்லை.

எனினும் அச்சொல் வீணன்று. திருவள்ளுவர் செங்கோன்மையை அடுத்தே கொடுங்கோன்மையை வைத்தார். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு அத்துணைச் சிறிது. ஓர்ந்து கண்ணோடாது தேர்வதே முறை என்று அறநூல்கள் கற்பிப்பதை மாணவர்க்கு எடுத்துரைக்கும் ஆசிரியர், அந்த ஆராய்ச்சி இல்லாத மன்றம் என்ன செய்யும் என்பதற்குக் கீத் ஊர் மருத்துவச்சியின் கதையையும் சேர்த்துச் சொல்லலாம். பிறர் நோயைத் தன்மேல் வாங்கிக்கொண்டு விடியும்வரை துடித்தாள் என்று அவள் பகைவர்களே எழுதி வைத்தனர். குற்றம் என்று எண்ணி அவர்கள் எழுதிய அந்த வரியே அவளுக்கு எஞ்சிய நடுகல்.